வண்டிப் பட்டறை: பழைய மாருதி 800-இன் கிளட்ச், வாசகர் கேள்வி–பதில்

பழைய கார்களின் கிளட்ச் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாருதி 800 வைத்திருப்பவர்கள் எழுதியவை. 1983 கடைசியில் சாலைக்கு வந்து 2014 தொடக்கம் வரை தயாரான வண்டி. இன்னும் எத்தனையோ வீட்டு வாசல்களில் நிற்கிறது. அதையே மையமாக வைத்துப் பதில் சொல்கிறோம். முன்சக்கர இழுவையும் கேபிள் கிளட்ச்சும் உள்ள மற்ற சிறிய கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்வி: என்னுடையது 2004 மாடல் 800. மேட்டில் ஏறும்போது என்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. லேசாகக் கருகல் வாடையும் வருகிறது. பிளேட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கியர்பாக்ஸை இறக்காமல் இதை உறுதி செய்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு. பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். பிளேட் தேயத் தேய, அதை என்ஜினின் ஃபிளைவீல் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே நகரும். அதனால் பெடலில் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டிய சிறு தூரம், அதாவது ஃப்ரீ பிளே, குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் இல்லாமல் போய்விடும். அதன் பிறகு நீங்கள் காலை எடுத்தாலும் பேரிங் அந்த விரல்களை அழுத்தியபடியே இருக்கும். நன்றாக இருக்கிற பிளேட்கூட அப்போது ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்காமல் வழுக்கும். சில வாரம் அப்படியே ஓட்டினால் அது நிஜமாகவே கருகிவிடும்.

பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய 2 செ.மீ. தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, பிறகுதான் கனம் தெரிய வேண்டும். இறங்கவில்லை என்றால், கியர்பாக்ஸ் பக்கம் ரிலீஸ் லீவரில் கேபிள் முடிகிற இடத்தில் உள்ள நட்டைத் தளர்த்தி அந்த அளவைக் கொண்டுவாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதோடு சரியாகிவிடும் வண்டிகளும் இருக்கின்றன.

சரியாகவில்லை என்றால் அடுத்த சோதனை. சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிடுங்கள். என்ஜின் சூடான பிறகு டாப் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டின் உராயும் பட்டையான ஃபேசிங்கில் மிச்சமிருப்பதும் எரியும்.

கேள்வி: பிளேட்டை மட்டும் வாங்கினால் போதாதா? கடைக்காரர் ‘செட்டாகத்தான் போட வேண்டும்’ என்கிறார். ஃபேசிங்கை மட்டும் புதிதாக ரிவிட் அடித்துத் தருகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்த வேலையில் பெரிய பாடு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். பழைய பேரிங்கை விட்டுவைத்து, ஆறு மாதத்தில் அது கத்த ஆரம்பித்தால் அதே பாட்டை முழுதாக இன்னொரு முறை படவேண்டும். அதே காரணத்துக்காகச் செட்டோடு இன்னும் சில சின்னச் சாமான்களையும் வாங்கி வையுங்கள்: கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், ஆக்ஸில் சீல் இரண்டு, ரிலீஸ் ஷாஃப்ட் புஷ் இரண்டு, ஒரு கிளட்ச் கேபிள். எல்லாம் சேர்த்தாலும் செட் விலைக்குப் பக்கத்தில் வராது. கியர் ஆயில் ஜிஎல்-4 தரத்தில், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. இரண்டரை லிட்டர் வாங்கினால் போதும், சற்று மிஞ்சும்.

ரிவிட் அடித்த பிளேட் 800-க்கு வேண்டாம். இரண்டு ஃபேசிங்குகளுக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய தகடு இருக்கும். கிளட்ச் வெட்டாமல் மெதுவாகப் பிடிப்பது அதனால்தான். பழைய பிளேட்டில் அது சூட்டில் தட்டையாகியிருக்கும், நடுவில் உள்ள ஸ்பிரிங்குகளும் தளர்ந்திருக்கும். ஃபேசிங் மட்டும் புதிதானால் அவை புதிதாகிவிடாது. வண்டி கிளம்பும்போது உதறும்.

நான்கு கியர் 800 உண்டு, ஐந்து கியர் 800-உம் உண்டு. வருடத்தையும் மாடலையும் சொல்லி வாங்குங்கள். முடிந்தால் பழைய பிளேட்டைக் கடைக்கு எடுத்துப்போய் விட்டத்தையும் நடுத்துளையின் பற்களையும் ஒப்பிடுங்கள். போலிச் சாமான் அதிகம் புழங்குகிற பொருள் இது. சீல் உடையாத பெட்டியில், பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: நானும் தம்பியும் வீட்டுக் கார் ஷெட்டில் இந்த வேலையைச் செய்ய நினைக்கிறோம். பிரேக் ஷூ, வாட்டர் பம்ப் எல்லாம் நாங்களே மாற்றியிருக்கிறோம். படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் அனுபவத்துக்கு இது முடியும். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், இருட்டுவதற்குள் முடித்தே தீர வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். தரை கெட்டியான சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். மண்தரையில் ஸ்டாண்ட் அமிழும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நொடிகூடப் போகாதீர்கள். முன்பக்கம் இரண்டு ஸ்டாண்ட், பின்சக்கரங்களுக்குக் கட்டை. கியர்பாக்ஸ் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அது அடியில் வெளியே வருகிற அளவுக்கு வண்டி உயர வேண்டும்.

முதலில் மேலிருந்து ஆரம்பியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயர், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். பிறகு சக்கர நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு வண்டியைத் தூக்குங்கள். கியர் ஆயிலை வடிப்பதற்கு முன் ஆயில் ஊற்றுகிற லெவல் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல வருடம் திறக்காத பிளக் இறுகியிருக்கும். ஆயிலை வடித்துவிட்டுப் பிறகு அது கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

அடியில் கியர் ராடையும் அதன் பக்கத்து ராடையும் கழற்றுங்கள். சைலன்சரின் முன்குழாய் குறுக்கே வந்தால் அதையும். அடுத்து ஆக்ஸில். ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை. கீழ் பால் ஜாயின்டைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து விடுவித்து, ஸ்டெபிலைசர் பாரின் பிராக்கெட்டுகளையும் தளர்த்தினால் சக்கரப் பகுதி வெளியே நகரும். பிறகு ஆக்ஸிலின் உள்முனையை நெம்புகோலால் கியர்பாக்ஸிலிருந்து நெம்பினால் உள்ளே இருக்கும் வளையம் விட்டுக்கொடுத்து வெளியே வந்துவிடும். வெளியே வந்த ஆக்ஸிலைத் தொங்க விடாதீர்கள், ரப்பர் பூட் கிழியும். கம்பியால் மேலே கட்டி வையுங்கள்.

என்ஜினுக்குத் தாங்கல் இல்லாமல் கியர்பாக்ஸ் மவுண்டைக் கழற்றக் கூடாது. என்ஜின் அறையின் இரு ஓரங்களிலும் படும்படி ஒரு கனமான மரச்சட்டத்தை வைத்துச் சங்கிலியால் என்ஜினைத் தொங்கவிடலாம். இல்லையென்றால் ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கி கொடுக்கலாம். பலகை இல்லாமல் ஜாக்கி கொடுத்தால் சம்ப் தகடு உள்ளே குழிந்துவிடும். இதன் பிறகு மவுண்ட், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் கீழ்த் தகடு, கடைசியில் ஹவுசிங் போல்ட்டுகள். இந்தப் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் அதைக் குத்தி வையுங்கள்.

கியர்பாக்ஸை என்ஜினிலிருந்து நேராக விலக்கி இழுத்து, இன்புட் ஷாஃப்ட் முழுக்க வெளியே வந்த பிறகே கீழே இறக்குங்கள். பாதியில் கை தளர்ந்து அதன் கனமெல்லாம் ஷாஃப்டில் விழுந்தால் பிளேட் வளையும். கழற்றும்போது பரவாயில்லை, அது பழைய பிளேட். மாட்டும்போது அப்படி நடந்தால் புதிய பிளேட் போட்டும் கியர் விழாது.

ஹவுசிங்குக்குள் இருக்கும் கருப்புத் தூளை ஊதவோ பிரஷ்ஷால் தட்டவோ வேண்டாம். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஃபிளைவீல் சுற்றாமல் இருக்க ரிங் கியர் பல்லில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிர் எதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள்.

இப்போது பழைய பிளேட்டை நன்றாகப் பாருங்கள். ஏன் போனது என்று அதுவே சொல்லும். ரிவிட் தலைக்கும் ஃபேசிங் மட்டத்துக்கும் இடையே 0.5 மி.மீ. ஆழம்கூட இல்லை என்றால் அது இயல்பாகத் தேய்ந்து முடிந்தது. ஃபேசிங் கனமாகவே இருந்து பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தால் சூடு. ஈரமாகக் கறுத்திருந்தால் ஆயில். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதிய பிளேட்டை மாட்டாதீர்கள். ஃபிளைவீலுக்குப் பின்னால் நனைந்திருந்தால் என்ஜின் சீல். கியர்பாக்ஸ் பக்கம் நனைந்து கந்தக வாடை அடித்தால் இன்புட் ஷாஃப்ட் சீல். கசிவு தெரியாவிட்டாலும் வாங்கி வைத்த சீல்களை இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஃபிளைவீலில் லேசான கோடுகள் இருந்தால் 120-ஆம் நம்பர் எமெரி தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் போதும். நீலத் திட்டுகள், மயிரிழை விரிசல், நகத்தில் தட்டுப்படுகிற பள்ளம் இருந்தால் கழற்றி லேத்தில் கொடுங்கள். விரிசல் ஆழமாக இருந்தால் லேத் வேலையும் உதவாது, வேறு ஃபிளைவீல்தான். ஃபிளைவீலின் நடுவே சின்ன பேரிங் இருக்கும் மாடலில் அதை விரலால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் மாற்றுங்கள். கடைசியாகத் தின்னரோ பிரேக் கிளீனரோ போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் எண்ணெய் பூசித்தான் பெட்டியில் வரும். அதையும் துடைக்க வேண்டும். பலர் மறக்கிற இடம் இது.

மாட்டும்போது, பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டுகளில் இடித்து, பெடலை எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் விடாது. பிளேட் நட்டநடுவில் நிற்க அலைன்மென்ட் டூல் வேண்டும். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல டூல் இல்லை. சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்குப் புதுப்பேட்டையில் கிடைக்கும். டூல் உள்ளே இருக்கும்போதே ஆறு போல்ட்டுகளையும் எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஏறக்குறைய 23 நியூட்டன் மீட்டர் டார்க்கில் முடியுங்கள். ஒரு பக்கமாகவே இறுக்கிக்கொண்டு போனால் பிரஷர் பிளேட்டின் மூடி கோணிவிடும்.

ரிலீஸ் ஷாஃப்ட் புஷ்ஷுகளையும் பேரிங்கையும் மாற்றுங்கள். புதிய பேரிங்கைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம், உள்ளே நிரப்பிய கிரீஸ் கரைந்து போகும். இன்புட் ஷாஃப்ட் பற்களில் கிரீஸை விரல் நுனியளவு தடவி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கூடுதல் கிரீஸ் சுற்றுகிற வேகத்தில் தெறித்து ஃபேசிங்கில்தான் போய் ஒட்டும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது கடைசி ஒரு சென்டிமீட்டரில் நின்றுகொள்ளும். இங்கேதான் பொறுமை வேண்டும். போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும், இல்லையென்றால் பிளேட் வளையும். கியர்பாக்ஸை ஒருவர் நேராகப் பிடித்திருக்க, மற்றவர் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பட்டும். பற்கள் ஒன்றுக்கொன்று இசைந்ததும் கியர்பாக்ஸ் தானாக உள்ளே நழுவி ஹவுசிங் முகத்தோடு முகம் பதியும். அதன் பிறகு போல்ட்டுகள்.

மற்றதெல்லாம் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. ஆக்ஸில் வளையம் உள்ளே விழுந்த ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும். கையால் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. வண்டி சமதளமாக நிற்கும்போது லெவல் துளையில் ஆயில் வழிகிற வரை ஊற்றி மூடுங்கள். கேபிள் ஃப்ரீ பிளேயை வைத்துவிட்டு, சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே ஸ்டார்ட் செய்து எல்லா கியரும் விழுகிறதா என்று பார்த்த பிறகு தரையில் இறக்குங்கள்.

முதல் 500 கி.மீ. வரை மேட்டில் பெடலைப் பாதி மிதித்து ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்துவது, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது வேண்டாம். ஃபேசிங் முழுப் பரப்பும் படிய அவகாசம் கொடுங்கள். ஓரிரு வாரத்தில் ஃப்ரீ பிளேயை மறுபடி பாருங்கள். புது கேபிள் சற்று இடங்கொடுத்திருக்கும்.

கேள்வி: ஒரு பட்டறையில் கிளட்ச் செட் மாற்றினேன். இப்போது முதல் கியரில் கிளம்பும்போது வண்டி முழுக்க உதறுகிறது. செட் மட்டமானதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: செட்டாக இருக்கலாம், ஆனால் முதலில் மவுண்டுகளைப் பாருங்கள். 800-இன் மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பிலேயே அதிர்வு கூடியது. ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் கிளட்ச் பிடிக்கிற கணத்தில் என்ஜினே முன்னும் பின்னும் சாயும். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் அழுத்தியபடி கிளட்ச்சைக் கொஞ்சமே விட, மற்றவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும். என்ஜின் துள்ளினால் மவுண்ட்தான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது பழைய மவுண்ட் கிழிவது சகஜம்.

மவுண்ட் சரியாக இருந்தால் மிச்சமிருப்பது ஃபேசிங்கில் பட்ட ஆயில், லேத்தில் கொடுக்காமல் விட்ட ஃபிளைவீல், கோணலாக முறுக்கிய பிரஷர் பிளேட். மூன்றுக்கும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். பழைய சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்களா? அந்தப் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தால் ஃபிளைவீலிலும் பாய்ந்திருக்கும்.

கேள்வி: மழைவெள்ளத்தில் நின்ற கார் இரண்டு மாதமாக ஓடவில்லை. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கிளட்ச்சை மிதித்தும் எந்த கியரும் விழ மறுக்கிறது.
– வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: கேபிள் நன்றாக இருக்கிறது, லீவர் நகர்கிறது என்றால் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, கிளட்ச் பெடலை முழுக்க அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். பல வண்டிகளில் காலையில் ‘டப்’ என்று விட்டிருக்கும். விடவில்லை என்றால், நீண்ட காலியிடத்தில் முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, வண்டி நகரும்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றுக் கொடுத்துக் கொடுத்து எடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆன நொடியே நகரும் என்பதால் இதை அனுபவமுள்ள ஒருவர்தான் செய்ய வேண்டும், தெருவில் வேண்டாம்.

கிளட்ச் விட்டாலும் வேலை முடியவில்லை. கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புதிய ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ரிலீஸ் பேரிங்கும் தண்ணீரில் நின்றதுதான். சீக்கிரம் கத்தத் தொடங்கலாம்.

கேள்வி: பெடல் கல்லாக இருக்கிறது. மாலைக்குள் முழங்கால் வலிக்கிறது. கேபிளுக்கு ஆயில் விட்டேன், பலனில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேபிளை மாற்றுங்கள். உள்ளே ஒரு இழை பிரிந்துவிட்டால் ஆயில் உதவாது; சில கேபிள்களில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறை ஆயிலில் ஊறி இன்னும் இறுகவும் செய்யும். புதிய கேபிளைக் கூர்மையாக வளைக்காமல் பழைய பாதையிலேயே கொண்டுபோங்கள். அப்போதும் கனமாக இருந்தால் ரிலீஸ் ஷாஃப்ட் புஷ் காய்ந்து பிடிக்கிறது, இல்லையென்றால் பிளேட் தேய்ந்து பிரஷர் பிளேட் விரல்களின் கோணம் மாறியிருக்கிறது. அடுத்த முறை கிளட்ச் இறக்கும்போது இரண்டும் சேர்ந்தே சரியாகும்.

கேள்வி: அடிக்கடி கொல்லிமலைக்குப் போய்வருகிறோம். கிளட்ச் அங்கேதான் தேய்கிறதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கும்போது பிளேட் தேய்வதே இல்லை, அது எந்த மலையானாலும். வழுக்கிக்கொண்டே பிடிக்கிற அந்தச் சில நொடிகளில்தான் தேய்கிறது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது கியரில் திணறும்போது கிளட்ச்சைப் பாதி மிதித்து இழுக்காதீர்கள். எதிரே பஸ் இறங்கினால் ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள், ஹாஃப் கிளட்ச்சில் அல்ல. கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருக்கும் பழக்கம் இருந்தால், மலை இல்லாத ஊரிலும் பிளேட்டும் பேரிங்கும் சேர்ந்து போகும்.

கேள்வி: நின்றிருக்கும்போது நியூட்ரலில் ‘கர்ர்’ என்று சத்தம். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ரிலீஸ் பேரிங்தானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்கும்போது நின்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலில் கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுக் கேளுங்கள். சத்தம் தொடர்ந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். அது வீட்டு ஷெட்டில் செய்கிற வேலை இல்லை. பெட்டியை நீங்களே இறக்கிப் பட்டறைக்கு எடுத்துப் போகலாம்.

கேள்வி: ஆம்னிக்கும் இதே முறையா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிளட்ச்சைப் பொறுத்தவரை இதேதான், இறக்குவது இன்னும் சுலபம். ஆம்னி பின்சக்கர இழுவை வண்டி என்பதால் முன் ஆக்ஸில், பால் ஜாயின்ட் எதையும் தொட வேண்டாம். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் கியர்பாக்ஸ் பின்பக்கமாக வந்துவிடும். கழற்றும் முன் ஷாஃப்ட் ஃபிளாஞ்சிலும் டிஃபரென்ஷியல் ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு, அதே கோட்டில் திரும்ப மாட்டுங்கள். இடம் மாறினால் வேகத்தில் அதிரும். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் மேல் போல்ட்டுகளைச் சீட்டைத் தூக்கிவிட்டு உள்ளிருந்தே எட்டிப் பிடிக்கலாம். கியர்பாக்ஸின் பின்முனையில் முன்கூட்டியே ஒரு பாலிதீன் பையைக் கட்டிவிடுங்கள், ஷாஃப்ட் வெளியே வந்ததும் ஆயில் அந்த வழியாகத்தான் கொட்டும்.